காண்பவனின் பங்கு



“கொன்றால் பாவம், தின்றால் போச்சு” என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. உயிரைக் கொல்வது பாவந்தான். ஆனால் உண்டுவிட்டால் அந்தப் பாவம் தொலைந்துவிடும் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. வள்ளுவர் இந்தச் சமாதானத்தை ஒப்புக்கொள்ளவில்லை. புலான் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் அவர் வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறார். உண்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால், விலைக்காக ஊனைத் தருவோரும் இருக்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். கத்தியைத் தொடாதவனுக்கும் அந்தக் கொலையில் ஒரு பங்கு உண்டு என்பதை அவர் இவ்வாறு காட்டிவிடுகிறார்.

ஊன் உண்பது தகுமா, தகாதா என்று ஆராய்வது இன்று என் நோக்கமன்று. அந்த வாதத்தை மட்டும் கடனாகப் பெற்றுக்கொண்டு, வேறொரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது பேசுவதற்குக் கூச்சம் தரும் பொருள். ஆனால், பெரியவர்கள் கூசி ஒதுங்குவதால்தான் இளைஞர்கள் அறியாமையில் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.

குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கி, அதைப் படமாக எடுத்து, இணையத்தில் உலவவிடும் கொடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இராது. ஆனால் அந்தப் படத்தை எடுக்காதவன், விற்காதவன், பிறருக்கு அனுப்பாதவன், தன் அறையில் தனியே அமர்ந்து தன் கைப்பேசியில் அதைப் பார்த்தவன், அவனும் குற்றவாளிதானா? “நான் யாரையும் தீண்டவில்லை, பார்க்கத்தானே செய்தேன்?” என்று அவன் கேட்டால், சட்டம் என்ன விடை கூறும்? இந்தக் கேள்வி நம் சென்னையில் ஒரு வழக்காக எழுந்து, தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024ஆம் ஆண்டில் விடை பெற்றது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு ஒரு தகவல் வந்தது. சென்னையைச் சேர்ந்த ஓர் இளைஞர் இத்தகைய படங்களைத் தம் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்கிறார் என்பது அத்தகவல். அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாயிற்று. கைப்பேசியை வல்லுநர்கள் ஆராய்ந்தபோது குழந்தைகள் இடம்பெற்ற இரண்டு காணொளிகள் அதில் இருந்தன.

அறைக்குள் நடந்தது காவல்துறைக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் வியக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், காணாமற்போன குழந்தைகளுக்காகவும் சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்காகவும் 1984இல் ஒரு தேசிய நிலையம் நிறுவப்பட்டது. இத்தகைய படங்களைப் பற்றிய தகவல்களை அது 1998 முதல் பெற்று வருகிறது. இணைய நிறுவனங்கள் தம் தளங்களில் இவற்றைக் கண்டால் அந்நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் அந்நிலையத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன் பின்னர், இந்தியாவைச் சார்ந்த தகவல்கள் அங்கிருந்து இங்கு வந்து, அந்தந்த மாநிலக் காவல்துறைக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன.

படங்களை இனங்காண்பதற்கும் ஒரு முறை உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஹானி ஃபரீத் என்னும் பேராசிரியரும் சேர்ந்து 2009இல் ‘ஃபோட்டோ டி.என்.ஏ.’ என்ற நுட்பத்தை உருவாக்கினார்கள். மனிதருக்குக் கைரேகை இருப்பதுபோல, ஒவ்வொரு படத்துக்கும் எண்களால் ஆன ஓர் அடையாளத்தை அது கணக்கிட்டுத் தருகிறது. முன்பே அறியப்பட்ட ஒரு படம், அளவு சிறிது மாற்றப்பட்டு எங்கு தோன்றினாலும், அந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டால் எவரும் அறியார் என்ற எண்ணம் இணையத்தில் செல்லாது.

வழக்குக்குத் திரும்புவோம். தம்மீதான வழக்கை நீக்கவேண்டும் என்று அந்த இளைஞர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2024 ஜனவரி 11ஆம் நாள் நீதிமன்றம் அவ்வாறே வழக்கை நீக்கியது. அவர் படங்களை வெளியிடவில்லை, பிறருக்கு அனுப்பவில்லை. தனிமையில் இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குழந்தை உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஆகிய இருவரும் அதை விசாரித்தார்கள். 2024 செப்டம்பர் 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறு என்று தள்ளப்பட்டது. வழக்கு மீண்டும் உயிர் பெற்றது.

இரண்டு நீதிமன்றங்கள் ஒரே சட்டத்தைப் படித்து வெவ்வேறு முடிவுக்கு வந்தது ஏன்? அதை அறியச் சட்டத்தின் வளர்ச்சியைச் சிறிது பார்க்கவேண்டும்.

2000ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இயற்றப்பட்டபோது, ஆபாசமானவற்றை மின்னணு வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் மட்டுமே குற்றங்களாக இருந்தன. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2008இல் திருத்தம் செய்யப்பட்டு, 2009 அக்டோபரில் 67பி என்னும் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறையாத குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுபவற்றை உருவாக்குவது, சேகரிப்பது, தேடுவது, உலாவிப் பார்ப்பது, இறக்கிக்கொள்வது, பரிமாறுவது ஆகிய எல்லாவற்றையும் அது குற்றமாக்கியது. முதல் முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுமுறை செய்தால் சிறை ஏழு ஆண்டு வரை நீளும். தேடுவது, உலாவுவது, இறக்குவது என்னும் சொற்களைக் கவனியுங்கள். அவை அனுப்புகிறவனின் செயல்கள் அல்ல, காண்கிறவனின் செயல்கள். அவை சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க, பார்ப்பது குற்றமன்று என்று எப்படிக் கூறமுடியும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கேள்வி.

அடுத்து, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். போக்சோ என்று நாம் சுருக்கமாகக் குறிப்பிடுவது இதைத்தான். 2012 நவம்பர் 14ஆம் நாள், குழந்தைகள் தினத்தன்று, இது நடைமுறைக்கு வந்தது. இதன் 15ஆம் பிரிவு தொடக்கத்தில் வணிகத்துக்காகச் சேமித்து வைப்பவனை மட்டுமே தண்டித்தது. 2019இல் அந்தப் பிரிவு மாற்றி எழுதப்பட்டு மூன்று படிகளாக விரிந்தது. பகிரும் எண்ணத்தோடு வைத்திருந்து, அழிக்காமலும் உரியவர்களுக்குத் தெரிவிக்காமலும் இருப்பவனுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்; மறுமுறை பத்தாயிரத்துக்குக் குறையாது. பரப்புவதற்காகவோ பிறருக்குக் காட்டுவதற்காகவோ வைத்திருப்பவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வணிகத்துக்காக வைத்திருப்பவனுக்கு இவற்றினும் கடுமையான தண்டனை.

‘பகிரும் எண்ணத்தோடு’ என்று சட்டம் கூறுகிறதே, பகிராதவனுக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எப்படி அறிவது? உச்ச நீதிமன்றம் தந்த விடை கருதத்தக்கது. வீட்டின் நடுவே நஞ்சைக் கண்டவன் அதை வெளியே கொட்டுவான். அல்லது அறிந்தவர்களிடம் கூறுவான். இரண்டும் செய்யாமல் பெட்டியில் பூட்டி வைத்தால், அதன் காரணம் என்ன என்று கேட்பது நியாயமே. இது நான் கூறும் உவமை. அழிக்கவும் இல்லை, தெரிவிக்கவும் இல்லை என்ற செயலின்மையிலிருந்தே எண்ணத்தை உய்த்துணரலாம் என்று நீதிமன்றம் விளக்கியது. உண்மையில் அனுப்பினான் என்று காட்டவேண்டியதில்லை. அடிப்படை உண்மைகளை அரசுத்தரப்பு நிறுவியபின், குற்ற எண்ணம் இருந்ததாக நீதிமன்றம் கொள்ளும். அவ்வாறு இல்லை என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவும் வாய்ப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு. இச்சட்டம் எனக்குத் தெரியாது என்று கூறுவது மட்டும் பயன்படாது.

மற்றொரு நுட்பமும் இதில் உண்டு. “நான் எதையும் இறக்கி வைக்கவில்லை; இணையத்தில் ஓடியதைப் பார்த்தேன், அவ்வளவே” என்று ஒருவன் கூறலாம். வங்கிப் பெட்டகத்தில் இருக்கும் நகை நம் கையில் இல்லை. ஆனால் சாவி நம்மிடம் இருப்பதால் நகை நம் உடைமையே. அதுபோல, தெரிந்தே அப்படத்தைத் திறந்து, அதை ஓட்டவும் நிறுத்தவும் சேமிக்கவும் அனுப்பவும் ஆற்றல் உடையவனாக ஒருவன் இருந்தால், அப்பொழுது அது அவன் உடைமையாகவே கருதப்படும் என்று நீதிமன்றம் தீர்த்தது. அதே வேளையில், யாரோ அனுப்பிய இணைப்பை இன்னதென்று அறியாமல் திறந்துவிட்டவனை நீதிமன்றம் அவனோடு சேர்த்து எண்ணவில்லை. அறியாமல் திறந்தவன் உடனே மூடிவிட வேண்டும். மூடியதோடு நில்லாமல், உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இனி, சட்டத்தின் சொற்களை விட்டு அதன் காரணத்துக்கு வருவோம். தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அப்படியானால் ஒருவன் தன் வீட்டில் என்ன பார்க்கிறான் என்பதில் அரசு தலையிடலாமா? இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வியன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதோடு போராடியிருக்கிறது. வீட்டினுள் ஆபாச நூலையோ படத்தையோ வைத்திருப்பதற்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது என்று 1969இல் அது தீர்ப்பளித்தது. ஆனால் 1990இல் ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்த வழக்கொன்றில், குழந்தைகளின் படங்களை வீட்டில் வைத்திருப்பதைக்கூடத் தண்டிக்கலாம் என்று கூறியது. முந்தைய தீர்ப்பு ஒருவன் மனத்துக்குள் அரசு நுழைவதைத் தடுத்தது. பிந்தைய வழக்கில் பாதுகாக்க வேண்டியவனாக நின்றது, படத்தைப் பார்ப்பவன் அல்லன். படத்தில் இருந்த குழந்தை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கற்பனையாக எழுதப்பட்ட ஆபாசக் கதையில் துன்புற்றவர் எவரும் இல்லை. ஆனால் இந்தப் படம் கதையன்று. உயிருள்ள ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் நேரடிப் பதிவு அது. கொடுமை நடந்த நாள் முடிந்துவிடலாம், உடற்காயம் ஆறிவிடலாம், ஆனால் படம் உலவிக்கொண்டே இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குச் செல்கிறது, வேலைக்குச் செல்கிறது, எதிரே வருபவர் தம்மை அந்தப் படத்தில் பார்த்திருப்பாரோ என்ற அச்சம் கூடவே செல்கிறது. ஒவ்வொருவர் பார்க்கும்போதும் அக்கொடுமை புதிதாக்கப்படுகிறது. அந்தரங்கம் என்று பேசுகிறோமே, அந்தக் குழந்தையின் அந்தரங்கத்துக்கு என்ன விலை?

அந்தக் காரணத்தாலேயே உச்ச நீதிமன்றம் பெயரையும் திருத்தியது. இவற்றைக் குழந்தை ஆபாசப் படம் என்று அழைப்பது பொருந்தாது. அப்பெயர் ஏதோ இசைவோடு நடந்ததுபோன்ற எண்ணத்தை உண்டாக்கும். குழந்தைப் பாலியல் சுரண்டல் மற்றும் கொடுமைப் பதிவுகள் என்றே நீதிமன்றங்கள் குறிப்பிட வேண்டும் என்று பணித்து, சட்டத்திலும் அவ்வாறே மாற்றம் செய்யுமாறு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. குற்றம் நடந்த இடத்தின் சான்றைக் கேளிக்கையின் பெயரால் அழைப்பது எவ்வளவு பெரிய பிழை!

மாணவர்களாகிய உங்களுக்கு இவற்றில் நேரடியாகப் பட்ட செய்திகள் சில உண்டு.

முதலாவது, குழுக்களில் வரும் படங்கள். நண்பர்கள் குழுவில் யாரோ ஒன்றை அனுப்புகிறார். “பார், என்ன அநியாயம்!” என்று பதறி மற்றொரு குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். எச்சரிக்கும் நோக்கத்தோடு அனுப்பினாலும் அக்குழந்தையின் முகத்தை இன்னும் நூறு பேருக்குக் காட்டியவர்கள் ஆகிறோம். ஆகவே எவருக்கும் அனுப்பாதீர்கள்; மூடிவிட்டு, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறி, காவல்துறைக்கோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். மத்திய அரசின் தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் பெயர் கூறாமலும் இதைத் தெரிவிக்கலாம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். 18 வயது நிறையாதவர்களுக்கு இத்தண்டனை இல்லை. ஆயினும் கடமை என்பது தண்டனைக்கு அஞ்சிச் செய்வது மட்டும் அன்றே.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவால் செய்யப்படும் போலிப் படங்கள். உடன் படிக்கும் மாணவியின் முகத்தை எடுத்து வேறோர் உடலில் ஒட்டி, விளையாட்டு என்று சிரிக்கும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. 2019இல் போக்சோ சட்டத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம், உண்மையான குழந்தையிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி கணிப்பொறியில் உருவாக்கிய படத்தையும், குழந்தையைக் காட்டுவதுபோல மாற்றியமைத்த படத்தையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. இவ்வாறு செய்தவர் 18 வயதுக்கு உட்பட்டவராயின் சிறார் நீதிக் குழுமத்தின்முன் நிற்கவேண்டிவரும். சட்டத்தின் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். அம்மாணவி மறுநாள் வகுப்பறைக்குள் எப்படி அடியெடுத்து வைப்பாள் என்று எண்ணிப் பார்த்தால், அது விளையாட்டா என்பது விளங்கும்.

மூன்றாவது, இதுவே மிகவும் இன்றியமையாதது. உங்களுடைய படமோ உங்கள் தோழரின் படமோ வெளியாகிவிட்டது, அல்லது வெளியிடுவதாக ஒருவன் மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பி அனுப்பியது உங்கள் பிழையாகவே இருக்கலாம். ஆனாலும் குற்றவாளி நீங்கள் அல்லர், மிரட்டுகிறவனே குற்றவாளி. அவன் கேட்பதைக் கொடுத்தால் மேலும் கேட்பான். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அன்றே கூறிவிடுங்கள். உங்கள் பெயரும் அடையாளமும் ஏடுகளில் வெளிவருவதைப் போக்சோ சட்டம் தடைசெய்திருக்கிறது. முன்னர்க் கூறிய அமெரிக்க நிலையம் ‘டேக் இட் டவுன்’ என்ற கட்டணமற்ற சேவையைத் தொடங்கியது. அதில் உங்கள் படத்தை எவருக்கும் அனுப்பவேண்டியதில்லை. படத்தின் எண் அடையாளம் உங்கள் கைப்பேசியிலேயே கணக்கிடப்படுகிறது. அந்த எண் மட்டும் சென்று, சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைக் கண்டு நீக்க உதவுகிறது. இதைப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தையாகக் கூறுகிறேன்: பிள்ளை வந்து கூறும்போது முதலில் கேளுங்கள், கண்டிப்பதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். திட்டு விழும் என்ற அச்சமே மிரட்டுகிறவனின் முதல் துணை.

இத்தகைய படங்களைப் பார்க்கத் தூண்டும் மனநிலையை உணர்ந்து வருந்துபவர் ஒருவர் இருப்பாராயின், அவர் மனநல மருத்துவரை நாடுவதில் இழிவு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றமும் தண்டனையோடு நின்றுவிடவில்லை. பாலியல் கல்வியைப் பள்ளிகளில் முறையாகக் கற்பிக்க வேண்டும், கொடுமைக்கு உள்ளான குழந்தைகளுக்கு உதவியும், தவறிழைத்தவர்களுக்குத் திருந்தும் வாய்ப்பும் வேண்டும் என்று அது எடுத்துரைத்தது. பேசாமல் மூடி வைப்பதால் குற்றம் குறைவதில்லை என்பதை அது உணர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் கூறிய பழமொழியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ‘தின்றால் போச்சு’ என்று கூறுகிறவன் தட்டை மட்டுமே பார்க்கிறான். தட்டுக்குப் பின்னே கடையும், கடைக்குப் பின்னே கத்தியும், கத்தியின்கீழ் ஓர் உயிரும் இருப்பதை அவன் பார்ப்பதில்லை. கைப்பேசியின் திரையும் அத்தகையதே. திரைக்குப் பின்னே எங்கோ ஓர் ஊரில், ஒரு வீட்டில், உதவிக்கு வருவார் இல்லாத ஒரு குழந்தை இருக்கிறது. அக்குழந்தையை நாம் சென்று மீட்க இயலாமற்போகலாம். ஆனால் அதன் துன்பத்தைக் காண விரும்புவோர் கூட்டத்தில் ஓர் ஆளைக் குறைப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும். தம் கண்ணில் பட்டதை உரியவர்களுக்குத் தெரிவித்தால், அந்த வீட்டின் கதவு ஒரு நாள் தட்டப்படவும் கூடும்.